பழைய ஆங்கிலேய வெள்ளிக் கரண்டிகள்: சந்திரகிரி, சித்தூர், திருப்பதிச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சந்திரகிரிக் கோட்டைக்குள் நிற்கும் ராஜமகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். விஜயநகரத்தின் கடைசி வம்சமான அரவீடு மன்னர்கள் சந்திரகிரியையும் வேலூரையும் இருப்பிடமாக வைத்து ஆண்ட நாட்களில், 1639-இல், அவர்களுக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்குக் கடலோர மணல்வெளி ஒன்றைக் கொடுத்தார். மதராஸ் பட்டணம் அங்கிருந்து வளர்ந்தது. அந்தக் காலத்து லண்டன் வெள்ளிக் கரண்டிக்கு அத்திப்பழ வடிவக் கிண்ணம், ஆறு பட்டைக் காம்பு. காம்பின் நுனியில் முத்திரைக் கட்டை போல ஒரு தட்டைக் குமிழ் இருக்கும்.

அதற்குப் பின் வந்த முந்நூறு ஆண்டுகளில் கரண்டியின் உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றமும் கப்பலேறி மதராஸ் வந்து, அங்கிருந்து உள்நாட்டுக்கும் பரவியது. 1911-இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். கலெக்டர், ஜட்ஜ், போலீஸ் அதிகாரி என்று ஆங்கிலேயக் குடும்பங்கள் அங்கே வசித்தன. சித்தூர், பலமனேர், மதனப்பள்ளியில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பாதிரிமார்கள் இருந்தார்கள். இவர்கள் மாற்றலாகிப் போகும்போதும் தாய்நாடு திரும்பும்போதும் வீட்டுச் சாமான்களை ஏலம் விடுவது அக்கால வழக்கம். பழைய வெள்ளி இந்தப் பக்கத்து வீடுகளில் எப்போதாவது தலைகாட்டுவதற்கு இதுவே காரணம்.

சேகரிப்பைக் கரண்டியில் தொடங்கச் சொல்வேன். தேநீர்க் கெண்டியோ மெழுகுவர்த்தித் தண்டோ வாங்கப் பெரும்பணம் வேண்டும். கரண்டி சிறியது, தேடினால் கிடைக்கும். செய்தவர், ஊர், ஆண்டு, தரம், கட்டிய வரி ஆகிய அத்தனையும் ஒரு விரல் நீளத்துக்குள் அதில் அடிக்கப்பட்டிருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: கரண்டியை எடைக்காக வாங்காதீர்கள், முத்திரைக்காக வாங்குங்கள்.

படி 1: கரண்டியைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள்

கடைக்காரர் கரண்டியைக் கையில் கொடுத்ததும் நாம் முன்பக்கத்தைத்தான் பார்ப்போம். சேகரிப்பாளர் முதலில் திருப்ப வேண்டும். முத்திரைகள் பின்பக்கத்தில் இருக்கும். கிண்ணத்தோடு காம்பு சேரும் இடத்தின் வடிவமும் அங்கேதான் தெரியும்.

வடிவங்களில் தொடக்கத்துக்கு நான்கு போதும். சுமார் 1710 முதல் 1770 வரை செய்தவற்றுக்கு ஹனோவேரியன் என்று பெயர். காம்பின் நுனி முன்பக்கமாக வளைந்திருக்கும், நுனியருகே நடுவில் மெல்லிய முதுகுக் கோடு ஓடும். ஆரம்ப காலத்தவற்றில் கிண்ணத்தின் பின்புறம் எலிவால் போல நீண்ட ஒரு மேடும் இருக்கும். 1760-களில் ஓல்டு இங்கிலீஷ் வந்தது. அதில் நுனி பின்பக்கமாகச் சரியும், காம்பு வழவழப்பாக இருக்கும். 1800-ஐ ஒட்டிப் பிடில் வடிவம் பரவியது. காம்பின் மேல்பாகம் அகன்று, கிண்ணத்துக்குச் சற்று மேலே இரு பக்கமும் தோள் போலச் சிறு முனைகள் நீட்டியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பியும் சுருளும் நிறைந்த கனமான கிங்ஸ் வடிவம் வந்தது.

ஹனோவேரியனுக்கும் ஓல்டு இங்கிலீஷுக்கும் உள்ள வேறுபாட்டில் மேசை வழக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் கரண்டியைக் கவிழ்த்துவைப்பதே முறை. ஆகவே குடும்பச் சின்னத்தையும் பெயரெழுத்தையும் பின்பக்கம் பொறித்தார்கள். பிறகு கரண்டியை மல்லாத்திவைக்கத் தொடங்கினார்கள், பொறிப்பும் முன்பக்கத்துக்கு வந்தது. நுனி வளைவு ஒரு காலத்தையும் பொறிப்பு இருக்கும் பக்கம் இன்னொரு காலத்தையும் காட்டினால், பொறிப்பு பிற்பாடு சேர்ந்தது என்று சந்தேகப்படலாம்.

படி 2: ஐந்து முத்திரைகளையும் வரிசையாகப் படியுங்கள்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச் ரிப்பேர்காரர்களும் வைர வியாபாரிகளும் வைத்திருப்பது அதுதான். சன்னல் வெளிச்சத்தில், கரண்டியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்.

முதலில் தேட வேண்டியது சிங்கம். இடப்பக்கம் பார்த்து, முன்கால் தூக்கி நடக்கும் சிங்கம் 1544 முதல் அடிக்கப்பட்டு வருகிறது. ஸ்டெர்லிங் தரம் என்பதற்கு இங்கிலாந்தில் அதுவே அடையாளம். ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. நம் கடைகளில் 92.5 டச் என்று சொல்வதும் இதே தரம்தான். 1697 முதல் 1720 வரை மட்டும் சட்டம் இன்னும் உயர்ந்த தரத்தைக் கட்டாயமாக்கியது. அக்காலத்துக் கரண்டிகளில் நடக்கும் சிங்கத்துக்குப் பதில் அமர்ந்த பிரிட்டானியா உருவமும் வெட்டிய சிங்கத்தலையும் இருக்கும்.

இரண்டாவது, ஊர் முத்திரை. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. அது 1300-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருவது. 1821 வரை அந்தத் தலையில் கிரீடம் உண்டு, அதன்பின் இல்லை. 1773-இல் தரச்சோதனை நிலையம் பெற்ற பர்மிங்காமுக்கு நங்கூரம், அதே ஆண்டு பெற்ற ஷெஃபீல்டுக்குக் கிரீடம். செஸ்டருக்குக் கோதுமைக் கட்டுகளும் வாளும், நியூகாஸிலுக்கு மூன்று கோட்டைகள். எடின்பரோக் கரண்டியில் சிங்கத்தைத் தேடி ஏமாறாதீர்கள். அங்கே கோட்டையும் 1759-க்குப் பின் முட்பூவும் வரும். டப்ளினுக்குக் கிரீடம் சூடிய யாழ்.

மூன்றாவது, ஆண்டு எழுத்து. தொடக்கக்காரர்கள் தடுமாறும் இடம் இது. 1478 முதல் லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. இருபது எழுத்துகள் ஒரு சுற்று, சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவமும் அதைச் சூழும் கேடயத்தின் வடிவமும் மாறும். 1660 முதல் எழுத்து மாறியது மே மாதத்தில், ஆகவே ஒவ்வோர் எழுத்தும் இரண்டு ஆண்டுகளைத் தொட்டு நிற்கும். ஓர் உதாரணம்: லண்டன் கரண்டியில் பெரிய ‘ஏ’ எழுத்தைப் பார்க்கிறீர்கள். அது 1796 ஆகவும் இருக்கலாம், 1876 ஆகவும் இருக்கலாம். எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் எண்பது ஆண்டு தவறலாம். பக்கத்துச் சிறுத்தைக்குக் கிரீடம் இருந்து, அரசர் தலை வலப்பக்கம் பார்த்தால் அது மூன்றாம் ஜார்ஜ் காலம், 1796. கிரீடமில்லாமல், அரசியின் தலை இடப்பக்கம் பார்த்தால் விக்டோரியா காலம், 1876. இப்படி ஒரு முத்திரையை இன்னொன்றால் சரிபார்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர்.

நான்காவது, அந்த அரசர் தலை. அமெரிக்கப் போரில் காலியான கஜானாவை நிரப்ப 1784 டிசம்பரில் வெள்ளிக்கு வரி போட்டார்கள். வரி கட்டியதன் அடையாளம் இந்தத் தலை. 1890-இல் வரி நீங்கியது, தலையும் நீங்கியது. தலை இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது என்று பெரிய ஓர் எல்லையை உடனே போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது, செய்தவர் முத்திரை. 1739-க்குப் பின் பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள். ஹெஸ்டர் பேட்மன் என்ற பெண்மணி 1761-இல் தன் முத்திரையைப் பதிந்து, கணவர் விட்டுப்போன பட்டறையைப் பெரிய தொழிலாக்கி, 1790-இல் ஓய்வு பெற்றார். அவருடைய சாய்ந்த ‘ஹெச் பி’ எழுத்துகளுக்கு இன்றும் தனி மதிப்பு. அந்த மதிப்புக்காகவே போலிகளும் உண்டு. வில்லியம் ஈலி, வில்லியம் ஃபேர்ன் இருவரும், பின்பு அவர்களோடு சேர்ந்த வில்லியம் சானரும் கரண்டிக்கென்றே பேர்போனவர்கள். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை முதல் சில ஆண்டுகள் தவிர்த்துவிடுங்கள். பெயர் தெரியாத பட்டறையின் நல்ல வேலைப்பாடும் உங்களுக்கு அதே அளவு கற்றுக்கொடுக்கும்.

முத்திரைகள் அடிக்கப்பட்ட இடமும் சாட்சி சொல்லும். ஏறக்குறைய 1780 வரை காம்பின் கீழ்ப்பகுதியில், கிண்ணத்தை ஒட்டி அடித்தார்கள். காம்பு அங்கே குறுகலானதால் முத்திரைகள் நசுங்கியிருக்கும். அதன்பின் நுனிப்பக்கம் அகன்ற இடத்துக்கு மாறின. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறு தேக்கரண்டிகளில் பல நேரம் சிங்கமும் செய்தவர் முத்திரையும் மட்டுமே இருக்கும். அது குறையல்ல, அக்கால நடைமுறை.

‘ஸ்டெர்லிங்’ என்று ஆங்கில எழுத்தில் முழுச்சொல்லாகப் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க வேலை. அதற்கும் முந்திய அமெரிக்கக் கரண்டிகளில் தட்டார் பெயர் மட்டும் இருக்கும், வெள்ளி ஏறக்குறைய 900 தரம். மிஷன் குடும்பங்கள் வாழ்ந்த சித்தூர், மதனப்பள்ளிப் பக்கத்தில் தேடுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். சிங்கம் இல்லை என்று நல்ல கரண்டியைத் தள்ளிவிடக் கூடாது.

படி 3: மதராஸில் செய்த கரண்டியைத் தவறவிடாதீர்கள்

நம் நாட்டில் செய்த ‘ஆங்கிலேயக்’ கரண்டி ஒரு தனி உலகம். கம்பெனி காலத்தில் இங்கே அரசுத் தரச்சோதனை நிலையம் எதுவும் இல்லை. ஆகவே மதராஸிலும் கல்கத்தாவிலும் கடை நடத்திய ஐரோப்பிய வெள்ளிக் கடைக்காரர்கள் தங்கள் பெயரையோ பெயரெழுத்தையோ தாங்களே அடித்துக்கொண்டார்கள். கல்கத்தாவில் ஹாமில்டன் கம்பெனி, மதராஸ் மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் ஆகியவை பெரிய பெயர்கள். ஐரோப்பியர் பெயரில் இருந்த இக்கடைகளுக்கு வேலை செய்தவர்களில் நம் பத்தர்கள் பலர். அவர்கள் பெயர் கரண்டியில் இல்லை. லண்டன் பிடில் வடிவத்தையும் கிங்ஸ் வடிவத்தையும் அப்படியே செய்த அதே கைகள், தெய்வ உருவங்களைப் புடைப்பாக நிறைத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டையும் செய்தன. மதராஸ் சுவாமி வெள்ளிக்கு விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நல்ல பெயர் இருந்தது.

என் கருத்தில், இந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர் முதல் லண்டன் கரண்டியில் படிக்கக் கற்றுக்கொண்டு, இரண்டாவதாக மதராஸ் கரண்டியைத் தேட வேண்டும். லண்டன் கரண்டியைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் உண்டு. மதராஸ் வெள்ளியில் இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, அதை எழுத வேண்டியவர்கள் நாம். வின்யார்ட் வில்கின்சன் எழுதிய இந்தியக் காலனிய வெள்ளி பற்றிய புத்தகங்கள் கிடைத்தால் விடாதீர்கள். சென்னை செல்லும்போது கோட்டை அருங்காட்சியகத்தில் புனித மேரி தேவாலயத்தின் பழைய வெள்ளிப் பாத்திரங்களையும் பார்த்துவிடுங்கள். நிஜமான பழைய வெள்ளியின் மேல்பரப்பு எப்படி இருக்கும் என்று கண் பழக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சீனாவின் காண்டன் துறைமுகத்துத் தட்டார்களும் லண்டன் முத்திரைகளைப் பார்த்து அதேபோல் அடித்தார்கள். சிங்கமும் சிறுத்தையும் கோணல்மாணலாக, ஆண்டு எழுத்து எந்தப் பட்டியலிலும் சேராமல் இருந்தால் காண்டனை நினையுங்கள். அதுவும் நல்ல வெள்ளிதான், அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் லண்டன் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

படி 4: தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நம் பக்கத்தில் அதிகம் ஏமாற வைப்பது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த இந்தக் கலவையில் வெள்ளி துளியும் இல்லை. 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, இதன் மேல் மெல்லிய வெள்ளி பூசிய கரண்டிகள் லட்சக்கணக்கில் வந்தன. ‘இ பி என் எஸ்’, ‘இ பி’, ‘ஏ ஒன்’ என்ற எழுத்துகள் இருந்தால் அது முலாம். சில கம்பெனிகள் எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்ததால் தூரத்தில் ஹால்மார்க் போலவே தெரியும். ரயில்வே, கிளப், ஹோட்டல் பெயர் பொறித்தவை பெரும்பாலும் இவ்வகை. ரேணிகுண்டா ஜங்ஷன் வழியே ஓடிய பழைய ரயில்வேயின் பெயரெழுத்துள்ள கரண்டியை ரயில்வே நினைவாக வாங்கலாம், வெள்ளி விலைக்கு வேண்டாம்.

முத்திரை தேய்ந்துபோய்ச் சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.1 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் கரண்டியை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுவதும் முழுகும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். 64 கிராம் கரண்டி தண்ணீரில் 6.2 காட்டினால் விடை 10.3. ஸ்டெர்லிங்குக்கு 10.3, 10.4 என்று வரும். 7.3 காட்டினால் விடை 8.8, அது ஜெர்மன் சில்வர். சின்னத் தேக்கரண்டிக்கு 0.01 கிராம் தராசு இருந்தால்தான் கணக்கு நம்பும்படி இருக்கும். மரம், தந்தப் பிடியுள்ளவற்றுக்கும் பிசின் அடைத்த பிடிகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

நகைக்கடை எக்ஸ்ரே மெஷினும் உதவும், ஆனால் அது மேல்பரப்பை மட்டுமே பார்க்கிறது. முலாம் தடிமனாக இருந்தால் அதையே வெள்ளி என்று சொல்லிவிடும். கிண்ணத்தின் அடிப்பக்கம், நுனி விளிம்பு போன்ற தேய்ந்த இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். உரைகல்லில் தேய்க்கவும் அரம் போடவும் ஆசிட் விடவும் அனுமதிக்காதீர்கள்.

எடையைக் கொண்டு விலையின் அடிமட்டத்தை அறியலாம். 64 கிராமை 0.925-ஆல் பெருக்கினால் 59.2 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே எவரும் விற்க மாட்டார்கள். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் காலத்துக்கும் கைவேலைக்கும் முத்திரைக்கும். துயரம் என்னவென்றால், பழைய வெள்ளியைப் போட்டுப் புதுக் கொலுசு வாங்கும் நம் வழக்கத்தில், அந்த அடிமட்ட விலைக்கே இருநூறு ஆண்டுக் கரண்டிகள் உருக்குச் சட்டிக்குப் போகின்றன. உருகிய வெள்ளிக்குப் பிறந்த ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை. உங்கள் ஊர்ப் பத்தரிடம் போய், சிங்க முத்திரை கண்டால் உருக்கும் முன் எனக்குச் சொல்லுங்கள், எடை விலைக்கு மேல் தருகிறேன் என்று கேட்டு வையுங்கள். சேகரிப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: தேய்மானமும் ஒட்டும் ஏமாற்றும்

வலக்கையால் சூப் குடித்துக் குடித்துப் பெரும்பாலான கரண்டிகளில் கிண்ணத்தின் இடப்பக்க நுனி தேய்ந்திருக்கும். கொஞ்சம் தேய்மானம் இருப்பது நல்ல அறிகுறி. பழைய முத்திரை, ஆனால் துளியும் தேயாத கிண்ணம் என்றால் கவனியுங்கள். நுனியை அரத்தால் ராவிச் சமன் செய்திருந்தால் கிண்ணம் குட்டையாகி, முட்டை வடிவம் குலைந்திருக்கும்.

கரண்டி மேல் வாய் திறந்து ஊதுங்கள். ஆவி படரும் நொடியில், வேறு துண்டு பொருத்திப் பற்றவைத்த கோடு தனியாகத் தெரியும். வேறொரு பொருளிலிருந்து வெட்டிய முத்திரையைக் காம்பில் பதித்த மோசடி இப்படித்தான் பிடிபடும். பொறிப்பை அழித்த இடம் கட்டைவிரலுக்கு மெலிந்து குழிவாகத் தட்டுப்படும். ஆறு கரண்டி ஒரு செட் என்று வந்தால் ஆறின் முத்திரைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கையால் அடித்த முத்திரையில் இடைவெளியும் சாய்வும் கரண்டிக்குக் கரண்டி மாறும். ஆறிலும் ஒரே கீறல், ஒரே சாய்வு என்றால் அவை அச்சில் வார்த்த போலிகள்.

‘பெர்ரி’ கரண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் பழங்கள் புடைத்து, தங்க முலாம் பூசி, பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் பல, ஜார்ஜ் காலத்துச் சாதாரண மேசைக் கரண்டிகளை விக்டோரியா காலத்தில் தட்டி அலங்கரித்தவை. முத்திரை அசல், உருவம் அசலல்ல. பரிசாகக் கொடுக்க வாங்குங்கள், சேகரிப்புக்கு வேண்டாம்.

படி 6: வாங்கும் இடமும் சட்டமும்

முதல் கரண்டியாக 1790-க்கும் 1836-க்கும் இடைப்பட்ட, ஐந்து முத்திரையும் தெளிவாக உள்ள லண்டன் மேசைக் கரண்டி ஒன்று வாங்குங்கள். ஓல்டு இங்கிலீஷ் அல்லது பிடில் வடிவம் போதும். மங்கிய பன்னிரண்டைவிடத் தெளிவான ஒன்று மேல். உள்ளூர்ப் பத்தர், அடகுக்கடை, சென்னை, பெங்களூர் ஏலங்கள், பழம்பொருள் கடைகள் என்று தேடலாம். வெளிநாட்டு ஏலத்தில் வாங்குவதானால் ஏல விலையோடு வாங்குபவர் கமிஷன், தபால், சுங்கம் மூன்றையும் முன்பே கூட்டிப் பாருங்கள். வெள்ளி இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் பணம் கட்டும் முன் சுங்க ஏஜென்ட் ஒருவரைக் கேட்பது அவசியம்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குத் தாத்தா காலத்துக் கரண்டியை அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

சபீனா, புளி, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். பூஜைச் சாமானுக்குப் போடும் விபூதிகூட வேண்டாம். அது மென்மையானதுதான், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் முத்திரையின் ஒரு மயிரிழை போகும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்ந்த வெந்நீர் முறை கறுப்பை நீக்கும். கூடவே, பொறிப்புக் கோடுகளுக்குள் தங்கி எழுத்தை எடுத்துக்காட்டும் பழைய நிழலையும் துடைத்துவிடும். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டுப் பாத்திரச் சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். உடனே ஈரம் ஒற்றி எடுங்கள்.

வெள்ளியைக் கறுக்கவைப்பது காற்றிலுள்ள கந்தகம். ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் முட்டையிலும் கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்ட் சுற்றிய இடத்தில் விழும் கறுப்புக் கோடு எளிதில் போகாது. உப்பு இன்னும் மோசம், வெள்ளியை அரித்துக் குழி போடும். கஞ்சி போடாத, துவைத்த வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். எப்போதாவது எடுத்து உபயோகிப்பதில் தவறில்லை. பாயசம் குடிக்கலாம், குழந்தைக்கு முதல் சோறு ஊட்டலாம். கழுவித் துடைத்துவிட்டால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். கரண்டி ஒன்றுக்கு ஒரு பக்கம்: நீளம், எடை, வடிவம், ஐந்து முத்திரைகளின் கையால் வரைந்த படம், வாங்கிய இடம், விலை, கொடுத்தவர் சொன்ன குடும்ப வரலாறு. போட்டோ எடுத்தாலும் கையால் வரையுங்கள். சிறுத்தைக்குக் கிரீடம் உண்டா, அரசர் எந்தப் பக்கம் பார்க்கிறார், கேடயத்தின் அடி கூர்மையா வளைவா என்பதையெல்லாம் வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. இந்தியாவில் செய்த கரண்டியானால், பட்டியலில் இல்லாத முத்திரையையும் விடாமல் வரைந்து வையுங்கள். அதே முத்திரை பிற்பாடு வேறொரு வீட்டுக் கரண்டியில் கிடைத்தால், இரண்டும் ஒரே பட்டறை வேலை என்று சொல்ல உங்கள் நோட்டு ஆதாரமாகும்.